ஏசி ஃபில்டர்: பெரிய எண்ணா, சரியான எண்ணா?

வாசகர் கேள்வி பதில்

ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய ஹைவெல்ட் மேட்டுநிலப் பக்கம் ஆகஸ்ட் காற்று தூசியை வாரி இறைக்கிறது. டர்பன் பக்கம் கரும்புக் காட்டுப் புகையும் ஈரமும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏசி ஃபில்டர் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

லெனேசியாவில் மூன்று படுக்கையறை வீடு. கூரைக்குள் 36,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) டக்ட் ஏசி. குளிருக்கும் சூட்டுக்கும் அதுதான். நடைவழி சீலிங்கில், அறைக் காற்றை மெஷினுக்குள் இழுக்கும் ரிட்டர்ன் கிரில் ஒரே ஒன்று. கடையில் ஜி4, எஃப்7 என்று இரண்டு ஃபில்டர் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகனோ "மெர்வ் 13க்குக் கீழே வாங்காதீர்கள் அப்பா" என்கிறான். எதைப் போடுவது?

ஐயா, மகன் சொல்வது ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்கும் என்பதற்கான அமெரிக்க அளவுகோல். மெர்வ் 1லிருந்து 16 வரை போகும். ஜி4, எஃப்7 என்பவை ஐரோப்பாவின் இஎன் 779 முறையில் வந்த பெயர்கள். அந்த முறை 2018ல் விலக்கப்பட்டு ஐஎஸ்ஓ 16890 வந்துவிட்டது. ஆனாலும் நம் கடைக்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். தோராயமாக ஜி4 என்றால் மெர்வ் 7 அல்லது 8. எஃப்7 என்றால் மெர்வ் 13. ஆக, மகன் கேட்பது உங்கள் கடையிலேயே இருக்கிறது. அதை உங்கள் மெஷின் தாங்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஜி4 பெட்டியில் "90%" என்று போட்டிருப்பதைப் பார்த்து, நூறில் தொண்ணூறு தூசி நின்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். சோதனைக்கூடத்தில் கரடுமுரடான தூசியை ஊதி, நின்றதை எடை போட்டுச் சொல்லும் கணக்கு அது. எடை முழுக்கப் பெரிய துகளில்தான் இருக்கும். புகைத் துகள் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே. அதில் பெரும்பகுதி ஜி4 வழியாகத் தாராளமாகப் போய்விடும். மெர்வ் 13 என்று முத்திரை வாங்க 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகளில் குறைந்தது 50 சதவீதத்தையும், 1 முதல் 3 மைக்ரான் வரை 85 சதவீதத்தையும் பிடித்தாக வேண்டும். மெர்வ் 8க்கு 0.3 – 1 மைக்ரானில் எந்த நிபந்தனையும் கிடையாது. 1 முதல் 3 மைக்ரான் வரை 20 சதவீதமும், 3 முதல் 10 மைக்ரான் வரையுள்ளதில் 70 சதவீதமும் பிடித்தால் போதும்.

அப்படியானால் எஃப்7தானே நல்லது? நல்லதுதான், காற்று போனால். அடர்த்தியான ஃபில்டர் காற்றை இழுத்துப் பிடிக்கும். அந்தத் தடையைப் பாஸ்கலில் சொல்வார்கள். உங்கள் யூனிட்டின் கையேட்டில் "எக்ஸ்டர்னல் ஸ்டாட்டிக் பிரஷர்" என்று ஒரு வரி இருக்கும். டக்ட், கிரில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து மெஷினின் ஃபேன் எவ்வளவு தடையை வெல்லும் என்பது அந்த எண். மெலிந்த, உயரம் குறைந்த மாடல்கள் பலவற்றில் அது 30, 50 பாஸ்கல்தான். நடுத்தர மாடல்களில் 100, 150 வரை கிடைக்கும். கையேடு தொலைந்திருந்தால் இன்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கொண்டு தேடிப் பிடிக்கலாம். இந்த ஓர் எண் தெரியாமல் ஃபில்டர் வாங்கக் கூடாது.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. 12,000 பிடியுவுக்கு விநாடிக்கு 190 லிட்டர் காற்று தேவை என்பது பொது விதி. 36,000க்கு 570 லிட்டர். உங்கள் கிரில் வழக்கமான 592க்கு 592 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 0.35 சதுர மீட்டர். காற்று விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் ஃபில்டரைக் கடக்கும். 1.5 மீட்டருக்குள் இருந்தால் நலம், ஆகவே ஏற்கனவே எல்லையில் நிற்கிறீர்கள். இந்த வேகத்தில் 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள மடிப்பு ஜி4 புதிதாக இருக்கும்போது 35 பாஸ்கல் அளவில் தடுக்கும்; எஃப்7 அதைப்போல் இரண்டு மடங்கு. பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் பெட்டியில் உள்ள அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அழுக்கு ஏறிவிட்டால் இரண்டுமே இன்னொரு மடங்கு ஏறும். 50 பாஸ்கல் மெஷினில் எஃப்7 போட்டால் முதல் நாளிலிருந்தே மூச்சுத் திணறும்.

ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்தில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு காற்று ஓடினாலும் சுமக்கும் குளிரும் சூடும் குறைச்சல். டர்பனில் கொஞ்சம் காற்று குறைந்தால் தெரியாமல் போகலாம், லெனேசியாவில் தெரிந்துவிடும்.

முடிவாக எங்கள் கருத்து: மெஷின் 50 பாஸ்கலோ அதற்குக் குறைவோ என்றால் 50 மில்லிமீட்டர் மடிப்பு ஜி4, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 100க்கு மேல் என்றால் நடைவழியில் இன்னொரு கிரில் வெட்டச் சொல்லி, இரண்டிலும் எஃப்7 போடலாம். பரப்பு இரட்டித்தால் வேகம் 0.8 மீட்டருக்கு இறங்கும். எஃப்7இன் தடையும் ஏறக்குறைய பாதியாகி, இன்றைய ஜி4 அளவுக்கு வந்துவிடும். சீலிங் வெட்டும் செலவு ஒரு முறைதான். இரண்டாவது கிரில் முடியாது என்றால் நடுவில் எம்5, எம்6 என்று இரண்டு படிகள் இருக்கின்றன. கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.

மகனுக்கு இதையும் சொல்லுங்கள்: 120 சதுர மீட்டர் வீட்டில் சுமார் 300 கன மீட்டர் காற்று. உங்கள் மெஷின் மணிக்கு 2,000 கன மீட்டருக்கு மேல் சுற்றுகிறது. அதே காற்று மணிக்கு ஆறேழு முறை ஃபில்டரைக் கடக்கிறது. ஒரே தடவையில் எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும் என்ற அவசரம் வீட்டு ஏசிக்கு இல்லை. ஓட்டம் குறையாமல் சுற்றிக்கொண்டிருந்தால் நடுத்தர ஃபில்டரும் போதுமான வேலை செய்யும்.

கிரில் 600க்கு 600. கடையில் 592 தந்தார்கள். சுற்றிலும் இடைவெளி இருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா? – லௌடியம்

இல்லை. சட்டத்துக்குள் நுழைந்து வெளியே வர இடம் வேண்டும் என்பதற்காகச் சில மில்லிமீட்டர் குறைத்துத்தான் செய்வார்கள். அமெரிக்க ஃபில்டரிலும் 20க்கு 25 அங்குலம் என்று எழுதி, உள்ளே அரை அங்குலம் வரை குறைவாகவே இருக்கும். பெட்டியின் பெரிய எழுத்தை நம்பாமல், பழைய ஃபில்டரின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் டேப்பால் அளந்து எடுத்துச் செல்லுங்கள். தடிமனை அளக்க மறப்பவர்கள்தான் அதிகம். 25 மில்லிமீட்டர் பள்ளத்தில் 50 போகாது. 50 பள்ளத்தில் 25 போட்டால் ஆடிக்கொண்டே கிடக்கும்.

ஆனால் இடைவெளியைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஃபில்டரில் எதிர்ப்பு, இடுக்கில் எதிர்ப்பே இல்லை. காற்று எங்கே ஓடும்? எஃப்7 வாங்கி, நாலு பக்கமும் 4 மில்லிமீட்டர் விட்டுவிட்டால் கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைக்காது. எண் கூடக் கூட இந்த ஓட்டை பெரிய விஷயமாகும், ஏனென்றால் அடர்ந்த ஃபில்டர் காற்றை இடுக்கின் பக்கம் தள்ளிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். பழைய ஃபில்டரை இறக்கியதும் அதன் அட்டைச் சட்டத்தின் வெளி விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். காற்று புகுந்த இடத்தில் சாம்பல் நிறக் கோடு கோடாகத் தூசி இழுத்திருக்கும். மற்ற இடம் சுத்தமாக இருக்கும். அந்தக் கோடுகளுக்கு நேரே கிரில் சட்டத்தின் உள்ளே, ஃபில்டர் உட்காரும் முகத்தில், 6 மில்லிமீட்டர் மூடிய துளை ஃபோம் டேப்பை ஒட்டுங்கள். ஜன்னல் ஓரத்துக்கு ஒட்டுகிற அதே டேப் போதும். திறந்த துளையுள்ள பஞ்சு டேப் வேண்டாம், அது தானே தூசியை உறிஞ்சி உதிர்ந்துவிடும். ஃபில்டரைப் போட்டு மூடி, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு கீற்று டிஷ்யூ காகிதத்தை விளிம்பைச் சுற்றி நகர்த்துங்கள். எங்கே வேகமாக இழுக்கிறதோ அங்கே இன்னொரு துண்டு.

கிரிலுக்கு மேலே இருக்கும் பெட்டியையும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். ஜிப்சம் பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே விரிசல் இருந்தால் ஃபில்டருக்கு மேலேயே கூரைக்குள் இருக்கும் தூசியும் கண்ணாடிப் பஞ்சும் உள்ளே போகும். ஃபில்டர் பளிச்சென்றிருந்தும் படுக்கை விரிப்பில் தூசி படிகிறது என்று எழுதியிருந்த மூன்று வாசகர்களுக்கும் இதே பதில்தான்: சிலிக்கான் அல்லது டக்ட் மாஸ்டிக் போட்டு அடையுங்கள்.

அம்புக்குறி? காற்று போகும் திசையில், அதாவது ஃபேனை நோக்கி. சீலிங் கிரிலில் என்றால் மேலே பார்த்து.

எங்களிடம் சுவரில் மாட்டும் மிட்வால் ஏசி மட்டும்தான். அதன் வலை ஃபில்டர்மேல் ஹெபா துணியை வெட்டி வைக்கலாம் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். செய்யலாமா? – சாட்ஸ்வொர்த்

வேண்டாம் அம்மா. மிட்வால் யூனிட்டின் உள்ளே இருப்பது உருளை வடிவ ஃபேன். சத்தமில்லாமல் நிறையக் காற்றை நகர்த்தும். ஆனால் தடையை வெல்லும் பலம் அதற்கு அறவே இல்லை. ஹெபா என்பது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்கும் அடர்த்தி. அதை மேலே விரித்தால் காற்று பாதியாகக் குறையும், மீதி ஓரத்து வழியாகப் புகும்.

அப்புறம் நடப்பதைக் கவனியுங்கள். காயில்மேல் (உள்ளே குளிரூட்டும் குழாய்த் தொகுதி) போதிய காற்று ஓடாததால் அதன் சூடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அதில் வேர்க்கும் தண்ணீர் பனியாக உறையும். பனி காற்றை இன்னும் அடைக்கும், அடைக்க அடைக்கப் பனி தடிக்கும். ஏசியை நிறுத்தியதும் அத்தனையும் ஒரேயடியாக உருகி, தட்டு கொள்ளாமல் சுவர் வழியே வழியும். "ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது" என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் வீடுகளில் அடைத்த ஃபில்டரும் அடைத்த வடிகுழாயும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. உறைந்த காயிலோடு தொடர்ந்து ஓட்டினால் ஆவியாகாத திரவ கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பிப் போய் அதையே கெடுத்துவிடும்.

அந்த வலை ஃபில்டர் இருப்பது மெஷினுக்காக. முடி, பஞ்சு, ஈ எறும்பு காயிலில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. அதைச் சுத்தமாக வைத்தாலே பெரிய உதவி. டர்பன் வெயில் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்:

ஐசொலேட்டரை (ஏசிக்கான கரண்ட் சுவிட்ச்) அணைத்து, முன்மூடியைத் தூக்கி, இரண்டு வலையையும் கீழ்ப்பக்கமாக இழுத்து எடுங்கள். தூசிப் பக்கத்தை வாக்குவம் குழாயால் இழுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விடுங்கள். வந்த வழியே தூசி வெளியேறும். முன்பக்கத்திலிருந்து குழாயைப் பீய்ச்சினால் அழுக்கு வலைக் கண்ணுக்குள் போய் இறுகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர். 40 டிகிரியைத் தாண்டினால் பிளாஸ்டிக் சட்டம் கோணிக்கொள்ளும், பிறகு பள்ளத்தில் உட்காராது. நிழலில் முழுக்க உலர்த்திய பிறகே மாட்டுங்கள். பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கறுப்பாகவோ பச்சையாகவோ ஒரு பட்டை இருந்தால் அது கார்பன் அல்லது கேட்டச்சின் பட்டை. கழுவலாமா கூடாதா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சின்னப் பட்டையால் அறைக் காற்றில் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடாது.

சுத்தமான காற்று வேண்டும் என்றால் படுக்கையறைக்குத் தனியாக ஓர் ஏர் பியூரிஃபையர் வாங்குவதுதான் வழி. 12 சதுர மீட்டர் அறை, 2.5 மீட்டர் உயரம் என்றால் 30 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை சுற்ற 150 கன மீட்டர் சிஏடிஆர் (கருவி மணிக்குத் தரும் சுத்தக் காற்றின் அளவு) வேண்டும். பெட்டியில் இருப்பது உச்ச வேகத்தின் எண். அந்தச் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது. ஆகவே 250 அளவில் வாங்கி மெதுவாக ஓடவிடுங்கள்.

டொங்காட்டில் இருக்கிறோம். கரும்பு எரிக்கும் நாளில் முற்றமெல்லாம் கறுப்புச் சாம்பல். அதற்கென்று தனி ஃபில்டர் உண்டா?

கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கறுப்புச் சுருள் எந்த வலையிலும் நின்றுவிடும். நெஞ்சைப் பிடிப்பது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத புகை. அதற்கு எஃப்7 மாதிரி வேண்டும், இல்லையேல் பியூரிஃபையர். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை சர்க்கரை ஆலை ஓடும் காலம் என்பதால் அந்த மாதங்களில் டக்ட் ஃபில்டரை மாதம் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். எரிக்கிற அன்று ஜன்னலை மூடுங்கள்; வெளிக்காற்று இழுக்கும் குழாய் இருந்தால் அதையும் மூடிவிடுங்கள்.

வீட்டுக்காரர்கள் மறப்பது வெளியே இருக்கும் யூனிட்டை. அதற்கு ஃபில்டரே கிடையாது. சாம்பல் அதன் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே படிந்து, கடல் காற்றின் உப்போடு சேர்ந்து தகட்டை அரிக்கும். கரண்டை அணைத்துவிட்டு, சாதாரணத் தோட்டக் குழாயால் மெல்லக் கழுவுங்கள், மாதம் ஒருமுறை. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். தகடு காகிதம்போல் மடங்கி ஒட்டிக்கொள்ளும். யாராவது வெளி யூனிட்டுக்கு ஃபில்டர் துணி சுற்றச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

எஃப்7 ஃபில்டர் விலை அதிகம். தட்டி, வாக்குவம் பிடித்து மறுபடி போடலாமா?

கூடாது. இந்த ஃபில்டர்கள் பலவற்றில் நார்களுக்கு மின்னேற்றம் கொடுத்திருப்பார்கள். நுண்ணிய துகளை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். கழுவினால் மின்னேற்றம் குறையலாம். புகை படியப் படியத் தானாகவும் குறையும். தட்டினால் மடிப்பு கிழிந்து, பிடித்த தூசி உங்கள் முகத்துக்கே வரும். கழுவிப் பயன்படுத்த ஆசையென்றால் ரோலில் கிடைக்கும் ஜி3, ஜி4 பாலியெஸ்டர் பஞ்சை வெட்டிக் கம்பிச் சட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கழுவலுக்கு வரும். தளர்ந்த பஞ்சுப் பக்கம் அறையைப் பார்த்து, இறுகிய பக்கம் ஃபேனைப் பார்த்து. மாற்றிப் போட்டால் மேல்பரப்பிலேயே தூசி அடைத்து ஒரு வாரத்தில் காற்று நின்றுவிடும்.

எத்தனை நாளைக்கு ஒரு ஃபில்டர்? 25 மில்லிமீட்டர் ஒன்றிலிருந்து மூன்று மாதம், 50 மில்லிமீட்டர் மூன்று மாதம் அளவில், 100 மில்லிமீட்டர் ஆறு மாதத்துக்கு மேல். ஆனால் காலண்டரைவிட அளவி நல்லது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் ஒரு மேனோமீட்டர் மாட்டி, புதிதில் காட்டிய பாஸ்கலைச் சட்டத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். அது இரட்டிப்பானால் மாற்றும் நேரம்.

வெள்ளிக்கிழமை சூடம், சாம்பிராணி, தினமும் ஊதுபத்தி. ஏசி ஃபில்டர் இரண்டே மாதத்தில் கறுத்துவிடுகிறது. பெரிய எண் ஃபில்டர் போட்டால் சரியாகுமா? – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பெரிய எண் போட்டால் இன்னும் சீக்கிரம் கறுக்கும்! பிடிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சூடம் எரியும்போது வருவது கரி. சாம்பிராணிப் புகை பிசுபிசுப்பான நுண்துளி. இரண்டும் ஒரு மைக்ரானுக்குக் கீழே. ஜி4 கறுத்திருக்கிறது என்றால், அதைக் கடந்து போனது அதைவிட அதிகம். ப்ளோவர் சக்கரத்தையும் காயிலையும் ஒருமுறை பாருங்கள், அங்கே பிசுக்காகப் படிந்திருக்கும்.

பூஜையை விட வேண்டியதில்லை. தீபாராதனை நேரத்தில் ஏசியின் ஃபேனை அணைத்து, பூஜையறை ஜன்னலைத் திறந்து, முடிந்தால் ஒரு 150 மில்லிமீட்டர் எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி ஓடவிடுங்கள். பிறந்த இடத்திலேயே வெளியேற்றுவது எந்த ஃபில்டரையும்விட மலிவு. புகை வாசனை அடங்கிய பிறகு ஏசியைப் போடுங்கள். ரிட்டர்ன் கிரில் பூஜையறைக்கு நேர் எதிரே இருந்தால் அதை நகர்த்துவது பற்றி யோசிக்கலாம். சமையலறைக்கும் இதே விதி: வடை, முறுக்கு சுடும் நாளில் எண்ணெய் ஆவி ஃபில்டரில் ஏறினால் அதில் தூசி பசைபோல் ஒட்டி, ஒரே வாரத்தில் கதை முடியும்.

மெரிபேங்கில் சில இரவுகளில் தொழிற்சாலை நாற்றம் தாங்கவில்லை. ஹெபா போட்டால் போகுமா?

போகாது. நாற்றம் வாயு, ஹெபா பிடிப்பது துகளை. சல்ஃபர் டைஆக்சைடு, பெயின்ட் நெடி போன்றவை எந்த எண் ஃபில்டரிலும் புகுந்து வரும். வாயுவுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும், அதுவும் எடையாக. கறுப்புத் தூள் தெளித்த மெல்லிய துணியில் உள்ள சில கிராம் கார்பன் சீக்கிரமே நிறைந்துவிடும். பியூரிஃபையர் வாங்கினால் கார்பன் குருணை எத்தனை கிராம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் அந்தப் பெருமைக்குக் காசு கொடுக்க வேண்டாம். கார்பனில் வரும் காற்று வறண்டதாக இருக்க வேண்டும் என்பதும் உண்டு. டர்பன் ஈரத்தில் அதன் கொள்ளளவு குறையும்.

ஓசோன் விடும் கருவிகளைப் பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும். வாங்காதீர்கள்.

இதே இடத்தில் குளிர்கால எச்சரிக்கை ஒன்று. வீட்டுக்குள் கரி அடுப்பு, இம்பாவுலா (துளையிட்ட தகர டப்பா அடுப்பு), பழுதான கேஸ் ஹீட்டர், கதவோரம் ஓடும் ஜெனரேட்டர் இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடை ஹெபாவும் நிறுத்தாது, கார்பனும் நிறுத்தாது. மணமும் இல்லை, நிறமும் இல்லை. கரி அடுப்பை உள்ளே கொண்டுவராமல் இருப்பதும், கேஸ் ஹீட்டர் எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதும், ஒரு சிஓ அலாரம் மாட்டுவதும்தான் காப்பு.

ஆறு வயதுப் பையனுக்கு ஆஸ்துமா. டாக்டர் தூசிப்பூச்சி என்கிறார். டக்ட் ஏசியில் நல்ல ஃபில்டர் போட்டு, ஃபேனை இருபத்து நாலு மணி நேரமும் ஓட விடலாமா? – ஃபீனிக்ஸ்

தூசிப்பூச்சியின் கழிவு பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளில் இருக்கிறது. படுக்கையை உதறினால் எழும்பும், அரை மணிக்குள் கீழே இறங்கிவிடும். மேலே கிரிலுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். அதனால் ஃபில்டருக்குச் செலவழிக்கும் முன்னே மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமான நெய்வு உறை போடுங்கள். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி தண்ணீரில் துவையுங்கள். பூனை இருக்கும் வீடு என்றால் கதை வேறு: அதன் ஒவ்வாமைப் பொருள் மிக நுண்ணிய துகளில் மணிக்கணக்காக மிதக்கும், அங்கே ஃபில்டர் நன்றாகவே உதவும்.

ஃபேன் விஷயத்தில் டர்பனும் ஜோகன்னஸ்பர்க்கும் எதிர் எதிர். உங்கள் பக்கம் கோடையில் ஃபேனை "ஆட்டோ"விலேயே விடுங்கள். கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் ஓடினால், காயிலில் சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் ஆவியாகி மறுபடி அறைக்கே வரும். அறையில் ஈரம் ஏறும். தூசிப்பூச்சிக்கு வேண்டியதும் அந்த ஈரம்தான். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்கு வாழ்வில்லை. ஒரு சின்ன ஈரமானி வாங்கிப் பையன் அறையில் வையுங்கள். வறண்ட ஹைவெல்ட் வீடுகளில் குளிர்காலத்தில் ஃபேனைக் குறைந்த வேகத்தில் தொடர்ந்து ஓடவிடலாம், ஃபில்டரும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஏசியைப் போட்டதும் ஈரச் சாக்கு நெடி வந்தால் புதுஃபில்டரால் போகாது. பூஞ்சை காயிலிலும் தண்ணீர்த் தட்டிலும் இருக்கிறது. அமிலமில்லாத காயில் கிளீனர் போட்டுக் கழுவ வேண்டும்.

உங்கள் கடிதத்தில் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முக்கியம். தென்னாப்பிரிக்கா 2008ல் ஆஸ்பெஸ்டாசைத் தடை செய்தது. ஆனால் அதற்கு முன் போட்ட கூரைகள் நம் பகுதிகளில் இன்னும் நிறைய. அந்தக் கூரைக்குக் கீழே டக்ட் வேலைக்காக யாரும் துளை போடவோ, தேய்க்கவோ, சாதாரண வாக்குவம் பிடிக்கவோ விடாதீர்கள். முதலில் தொழிலாளர் துறையில் பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்ததாரரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிட்டர்ன் பெட்டியின் விரிசல்களை அடைப்பது உங்கள் வீட்டில் கட்டாயம்.

பெனோனியில் குளிர்காலம். ஏசியைச் சூட்டில் போட்டால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது. காலையில் வெளி யூனிட்டிலிருந்து வெள்ளைப் புகை வேறு. ஃபில்டர்தான் காரணமா?

முதலாவதற்கு ஃபில்டர் காரணமாக இருக்கலாம், இரண்டாவதற்கு இல்லை.

சூட்டில் ஓடும்போது உள் காயில்தான் வெப்பத்தை வெளியேற்றும் இடம். அதன்மேல் காற்று குறைந்தால் வெப்பம் போக வழியில்லாமல் கேஸின் அழுத்தம் ஏறும், மெஷின் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திவிடும். ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டு ஒரு பத்து நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது மெஷினுக்கு அது பொருந்தாத அடர்த்தி. அப்போதும் நின்றால் காயில், ப்ளோவர், கேஸ் அளவு என்று பார்க்க வேண்டும். எஸ்ஏக்யூசிசி கேஸ் அட்டை (கேஸ் வேலைக்கான பதிவு அட்டை) வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். கோடையில் இதையே வேறு விதமாகப் பார்க்கலாம்: ரிட்டர்ன் கிரிலிலும் பக்கத்து சப்ளை கிரிலிலும் தெர்மாமீட்டர் வைத்து, 15 நிமிடம் ஓடிய பிறகு வித்தியாசம் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி சரி. அதைத் தாண்டினால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

வெள்ளையாக வருவது புகை அல்ல, ஆவி. அதிகாலைக் குளிரில் வெளி காயிலில் படிந்த உறைபனியை மெஷின் தானே உருக்குகிறது. அந்த ஐந்து, பத்து நிமிடம் உள் ஃபேன் நின்றிருக்கும். ரிமோட்டை எடுத்து அமுக்கிக்கொண்டிருக்காமல் விட்டுவிடுங்கள், தானாக ஓடும். எரிந்த நெடி வந்தால் மட்டும் உடனே ஐசொலேட்டரை அணையுங்கள்.